செம்மாடக் கனவு: காட்சியும் ஐயமும் துணிவும்

காட்சி, ஐயம், துணிவு என்னும் முறைவைப்பு அகப்பொருள் நூலார்க்கு உரியது. பொழிலிடத்து ஒருத்தியை எதிர்ப்பட்ட தலைமகன், இவள் தெய்வமகளோ மானிட மகளோ என முதலில் ஐயுறுவான். பின்னர் வாடிய மாலையும் நிலந்தோயும் அடியும் இமைக்கும் கண்ணும் கண்டு, மானிட மகளே எனத் துணிவான். நாற்கவிராச நம்பி இவற்றைக் கைக்கிளையின் வகைகளாக வைத்தார். ஐயத்தின் வழியாகவன்றித் தெளிவு பிறவாது என்பது இம்மரபின் உட்கிடையாகும். ஒரு பெருநூலை முதன்முதற் கையிலெடுக்கும் படிப்பாளனுக்கும் இதுவே நெறி என்பதைக் காட்டவல்ல நூல்களுள் தலையாயது, சீன மொழியில் 'ஹுங்லோ மெங்' என வழங்கும் 'செம்மாடக் கனவு'. இதனை மாயமும் காதலும் விரவிய கதை எனக் கொண்டு தொடங்குவோர் பலர். அக்கருத்து மாறாமல் இறுதிவரை செல்லுதல் அரிது. அம்மாயம் நூலுக்குப் பூட்டிய வெறும் அணியன்று. நடப்பைக் கூறும் பகுதிகள் மறைத்துவிடும் உண்மையை வெளிப்படுத்தும் உறுப்பு அதுவே என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கின்றது.

முதலில் நூலின் தோற்றுவாயைக் காண்போம். நூவா என்னும் தேவி உடைந்த வானத்தைச் செப்பனிட 36,501 கற்களைச் சமைத்தாள், 36,500 பயன்பட்டன, ஒன்று எஞ்சிற்று. உணர்வு பெற்றிருந்த அக்கல், தான் ஒன்றே பயனின்றிக் கிடத்தற்கு இரங்கி இரவும் பகலும் அழுதது. பௌத்தத் துறவி ஒருவரும் தாவோ நெறித் துறவி ஒருவரும் அதனை மண்ணுலகிற்குக் கொண்டுசென்றனர். ஊழிகள் பல கழிந்தபின், தான் கண்டதெல்லாம் தன்மேல் எழுத்தாகப் பொறிக்கப்பெற்று நின்ற அக்கல்லினிடமிருந்து வேறொரு துறவி படியெடுத்ததே இந்நூல் என்கின்றது முதல் அதிகாரம். அதனோடு பின்னிய மற்றொரு கதையும் உண்டு. வானுலகில் வாடிக்கிடந்த செடியொன்றுக்குத் தேவ பணியாளன் ஒருவன் நாள்தோறும் பனிநீர் வார்த்தான். பெண்ணுருப் பெற்ற அச்செடி, அவன் வார்த்த நீருக்கு ஈடாகத் தன் வாழ்நாட் கண்ணீர் முழுவதையும் தருவதாக உறுதி பூண்டது. மண்ணில் அவன், வாயில் மணிக்கல்லோடு ஜியா குடியிற் பாவ்யூவாகப் பிறக்கின்றான். அவளோ அவன் தந்தையின் உடன்பிறந்தாள் மகளாகத் தாய்யூ என்னும் பெயரோடு பிறக்கின்றாள்.

இவ்வளவில் நூலை மூடி வைப்போர் உளர். இதற்காகவே விரும்பி எடுப்போரும் உளர். இன்று கைப்பேசித் திரையில் தமிழ்க்குரலோடு வரும் சீனத் தொடர்களைக் காணும் நம் மாணாக்கர், பிறவி கடந்த காதலும் வானுலகக் கடனும் தமக்குப் பழகிய சரக்கே என எண்ணி மகிழ்வர். பண்டிதரோ, குழந்தைகட்குரிய கதை என ஒதுக்குவர். இரு சாராரும் கண்டது காட்சி மட்டுமே.

தேனி நாட்டார்க்கு இத்தகைய தோற்றுவாய் புதிதன்று. கூடலூருக்கு மேலே எல்லை மலைமுகட்டில் மங்கலதேவி கோட்டம் நிற்கின்றது. ஆண்டுக்கொருமுறை சித்திரை முழுநிலா நாளில் மக்கள் பளியங்குடி வழியாக மலையேறிக் கண்ணகியை வழிபட்டு மீள்கின்றனர். சிலம்பு கூறும் கோட்டம் இதுவே எனப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963இல் எடுத்துரைத்தார். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. நாம் கருதவேண்டுவது சிலப்பதிகாரப் பதிகத்தின் அமைப்பு. குன்றக் குறவர் வந்து, வேங்கை மரத்தின்கீழ் ஒரு முலை இழந்து நின்றாள் ஒருத்தி வானேறக் கண்டோம் என்கின்றனர். அருகிருந்த சாத்தனார் அவள் வரலாறு அறிவேன் என்கின்றார். இளங்கோவடிகள் நூல் செய்கின்றார். வாயில் முழுதும் வியப்பு. உள்ளே புகுந்தாலோ வணிகர் மனையும், கணிகையர் வீதியும், பொற்கொல்லன் பொய்யும், ஆராயாது தீர்ப்பளித்த அரசனும் எதிர்ப்படுகின்றனர். வானேறியவள் கதை எனத் தொடங்கியது மதுரைக் கடைத்தெருவின் கதையாக விரிகின்றது. செம்மாடக் கனவின் கட்டமைப்பும் இதனோடு உறவுடையது.

நூலாசிரியர் சாவ் சுவேசின் 1763 அல்லது 1764ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மறைந்தார். அவர் முன்னோர் மூன்று தலைமுறையாக நாஞ்சிங்கில் அரண்மனைக்குரிய பட்டு நெசவுப் பொறுப்பினை வகித்தவர். காங்சி பேரரசர் தென்னாட்டுக்கு மேற்கொண்ட ஆறு பயணங்களுள் நான்கில் இவர்தம் பாட்டனார் சாவ் யின்னின் விருந்தினராகத் தங்கினார். அடுத்த பேரரசர் காலத்தில், 1728இல், அக்குடியின் உடைமைகள் பறிமுதல் செய்யப்பெற்றன. இளமையில் வாழ்வையும் பின்னர் வறுமையையும் கண்ட ஒருவர், பீகிங்கில் இருந்து எழுதிய நூல் இது. அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. எண்பது அதிகாரங்கள் கையெழுத்துப் படிகளாக உலவின. நூற்றிருபது அதிகாரங்களோடு செங் வேய்யுவான், காவ் ஏ ஆகிய இருவர் 1791இல் முதன்முறை அச்சிட்டனர்.

முதற்காட்சியை நம்பற்க என்று ஆசிரியர் படிப்பாளனுக்கு உணர்த்தும் இடங்கள் பல. மூன்றாம் அதிகாரத்தில் தாயை இழந்த தாய்யூ பாட்டியின் மாளிகைக்கு வருகின்றாள். பாவ்யூ அடங்காதவன், அவனோடு பழகாதே என்று அவன் தாயே அவளை எச்சரிக்கின்றாள். முரடன் ஒருவனை எதிர்பார்த்திருந்தவள், அவனைக் கண்டதும் எங்கோ முன்பு கண்ட முகம் போலும் எனத் திடுக்கிடுகின்றாள். அவனும் இவளை முன்பே அறிவேன் என்கின்றான். பாட்டி அதனைப் பிள்ளைப் பேச்சென நகைக்கின்றாள். வானுலகக் கதையை அறிந்த நமக்கோ அது பிள்ளைப் பேச்சன்று. தொல்காப்பியர் ஒருவனும் ஒருத்தியும் எதிர்ப்படுதற்குப் பாலது ஆணையைக் காரணமாகக் கூறியதனை இங்கு நினைத்தல் தகும். ஆயினும் சீன ஆசிரியர் அவ்விடத்திலேயே பாவ்யூவைப் பயனற்ற மடவோன் எனப் பழிக்கும் இரு பாட்டுக்களை இடையில் வைத்து நம்மை மீண்டும் ஐயத்தில் ஆழ்த்துகின்றார். அவை உலகத்தார் வாய்மொழியாவன, ஆசிரியர் தீர்ப்பல்ல.

தமிழ் படிப்பாளன் தனக்கே உரிய வழுவொன்றையும் இங்குச் செய்ய இடமுண்டு. தாய்யூ பாவ்யூவுக்கு அத்தை மகள். நூலின் மற்றொரு தலைவியாகிய பாவ்சாய், தாயின் உடன்பிறந்தாள் மகள், அவனினும் மூத்தவள். நம் வழக்கில் முன்னவள் முறைப்பெண். பின்னவள் அக்காள் முறை. கம்பம், உத்தமபாளையம் பக்கத்து ஊர்களில் அத்தை மகள் உரிமை எத்துணை அழுத்தமாகப் பேசப்படும் என்பது யாவரும் அறிந்ததே. ஆதலின் எம் மாணாக்கர் ஒருவர்க்கு இக்கதையைக் கூறியபோது, 'அக்காள் முறையானவளை எப்படி ஐயா கட்டிவைத்தார்கள்?' என்று அவர் வினவினார். வினா இயல்பானதே. சீனர் முறையோ வேறு. தந்தையின் உடன்பிறந்தான் மக்கள் ஒரே குடிப்பெயர் உடையராதலின் மணத்தற்கு ஆகார். அத்தை, மாமன், சிறிய தாய் பெரிய தாய் மக்கள் வேற்றுக் குடிப்பெயரினராதலின் மணத்தற்கு ஆவர். இருவரும் ஒப்ப உரியர் என்பதனால்தான் அவன் துயரம் முற்றுகின்றது. வழக்கம் ஒருத்தியை விலக்கியிருப்பின் சிக்கலே எழாது. இருபதாம் அதிகாரத்தில் தாய்யூ ஊடி நின்றபோது, நீ அத்தை மகள், அவள் தாய்வழிச் சிறியதாய் மகள், உறவில் நீயே அணியை என்று பாவ்யூ தேற்றுகின்றான். நம் காதுக்கு அது முறைப்பெண் உரிமை போல ஒலிக்கும். அங்கு அது தந்தைவழி உறவு தாய்வழி உறவினும் நெருங்கியது என்னும் வாதம் மட்டுமே. மணத்திற்கு எவ்வகை உறுதியும் அதிலில்லை. பாவ்யூவுக்கு மணிக்கல் இருத்தல் போலப் பாவ்சாய்க்குப் பொன் பதக்கம் உண்டு என்பதும், மணியும் பொன்னும் இணையத்தக்கன என்று மனையோர் பேசுவதும் தாய்யூவை வாட்டுவன.

காதற்கதை எனத் தொடங்கியவன் ஆறாம் அதிகாரத்திற்குமேல் இரண்டாம் முறை ஏமாறுவான். பிறந்தநாள் விருந்து, மருந்துச் சரக்கு, ஏவலர் சம்பளம், அடகு வைத்த பொருள், யார் யாருக்கு முன் அமர்வது என்னும் வழக்கு எனப் பக்கங்கள் விரிகின்றன. நானூற்றுக்கும் மேற்பட்ட மாந்தர் வந்து போகின்றனர். சலிப்புற்று ஏடுகளைத் தள்ளிச் செல்வோர் இவ்விடத்தில்தான் நூலை இழக்கின்றனர். லியூ பாட்டி என்னும் உழவர் குடிக் கிழவி மாளிகைக்கு வந்தபோது நண்டு விருந்தொன்றின் செலவைக் கணக்கிட்டு, இருபது வெள்ளி அவுன்சுக்கு மேல் ஆகும், எங்களைப் போன்ற குடும்பம் ஓராண்டு உண்ணலாம் என்கின்றாள். சினமோ பழிப்போ அப்பேச்சில் இல்லை, வியப்பே உண்டு. ஐம்பத்துமூன்றாம் அதிகாரத்தில் பண்ணை மேலாள் ஆண்டிறுதிக் குத்தகையோடு வருகின்றான். மான், பன்றி, மீன், அரிசி, கரி என நீளும் பட்டியலோடு 2,500 அவுன்சு வெள்ளி. மூன்றாம் திங்கள் முதல் எட்டாம் திங்கள் வரை மழை விடவில்லை, பின்னர் ஆலங்கட்டியும் விழுந்தது என அவன் முறையிட, தலைவனோ ஐயாயிரமாவது எதிர்பார்த்தேன் என முகஞ்சுளிக்கின்றான். முல்லைப் பெரியாற்று நீரை நம்பி நெல்லும், பந்தல் கட்டித் திராட்சையும் விளைவிக்கும் ஊர்களிற் பிறந்த எவர்க்கும் இவ்வுரையாடல் உரையின்றியே விளங்கும். காதலர் உலவும் பூங்காவும், அவர் கூடிக் கவி பாடும் மன்றமும் இப்பட்டியலின்மேல் நிற்கின்றன என்பதை ஆசிரியர் சொல்லாமல் காட்டிச் செல்கின்றார்.

இனி நம் வாதத்தின் உயிர்நிலைக்கு வருவோம். ஐந்தாம் அதிகாரத்தில் பாவ்யூ ஒரு கனவு காண்கின்றான். மாயவெளி என்னும் உலகில் ஒரு தேவி அவனுக்கு ஏடுகளைக் காட்டுகின்றாள். ஒவ்வொன்றிலும் ஓர் ஓவியமும் சில அடிகளும் உள்ளன. அவை அவன் மனையைச் சார்ந்த மகளிரின் ஊழ். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. முதன்முறை படிக்கும் நமக்கும் புரிவதில்லை. அவ்வோவியங்களுள் ஒன்று உயர்ந்த மாடத்தில் உத்தரத்தில் தூக்கிட்டுத் தொங்கும் ஒரு பெண்ணைக் காட்டுகின்றது. அவள் சின் கேசிங், அம்மனையின் மருமகளருள் ஒருத்தி. பதின்மூன்றாம் அதிகாரத்தில் அவள் இறக்கின்றாள். ஆயின் தூக்கும் இல்லை, மாடமும் இல்லை. பல நாள் நோயுற்றிருந்தாள், மருத்துவர் வந்தார், இறந்தாள் என்றே கதை நடக்கின்றது. ஆனால் செய்தி கேட்ட மனையோர் யாவரும் வியப்பும் ஐயமும் கொண்டனர் என ஒரு தொடர் வருகின்றது. மாமனார் கணவனினும் மிகையாக அழுகின்றார். பெருஞ்செலவிற் சடங்கு செய்கின்றார். பணிப்பெண் ஒருத்தி தூணில் தலையை மோதி இறக்கின்றாள். காரணம் கூறப்படவில்லை.

கையெழுத்துப் படிகளின் ஓரங்களில் சீயென்சாய் முதலிய புனைபெயரினர் எழுதிய உரைக்குறிப்புக்கள் உள்ளன. நாள் அறியப்பட்ட படிகளுள் முந்தியது 1754ஆம் ஆண்டைக் குறிப்பது. அவற்றுள் ஒன்று, கேசிங் ஒழுக்கம் வழுவி மாடத்தில் இறந்த பகுதியை நீக்குமாறு தாமே ஆசிரியரைப் பணித்ததாகக் கூறுகின்றது. ஆசிரியரை நேரில் அறிந்து, அவர் எழுதும்போதே உடனிருந்து உரை எழுதியோர் இவர். நம் நச்சினார்க்கினியர்க்கும் அடியார்க்கு நல்லார்க்கும் கிட்டாத பேறு அது. அப்பேற்றினால் நூலுக்கு நேர்ந்தது நன்மையா என்பது வேறு செய்தி. குடும்ப மானம் கருதி நடப்புப் பகுதி திருத்தப்பெற்றது. கனவுப் பகுதியோ திருத்தப்பெறவில்லை. ஆகவே உண்மை மாயத்தில் தங்கிற்று. பொய் நடப்பில் தங்கிற்று. நூலினுள் ஜென் என்னும் குடிப்பெயர் 'மெய்' என்னும் சொல்லோடும், ஜியா என்னும் குடிப்பெயர் 'பொய்' என்னும் சொல்லோடும் ஒலியால் ஒத்து நிற்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இடையில் நிற்கும் பன்னிரண்டாம் அதிகாரம் படிப்போர்க்கு வழிகாட்டியே ஆகும். ஜியா ருவேய் என்னும் இளைஞன் சீபெங் என்னும் பிறர் மனையாளை விரும்பி நோயுறுகின்றான். துறவி ஒருவர் கண்ணாடியொன்றைத் தந்து, பின்புறத்தையே நோக்குக, முன்புறத்தை நோக்கற்க என்கின்றார். பின்புறத்தில் எலும்புருவம், முன்புறத்தில் சீபெங் கையசைத்து அழைக்கின்றாள். அவன் முன்புறத்தையே நோக்கி மாய்கின்றான். சினந்த பாட்டனும் பாட்டியும் கண்ணாடியை எரிக்க முற்பட, முன்புறத்தைப் பார் என உங்களை யார் பணித்தது என அது கதறுகின்றது. இந்நூலுக்கு முதல் அதிகாரம் கூறும் பெயர்களுள், காமக் கண்ணாடி எனப் பொருள்படுவதும் ஒன்று. இதனைக் காமத்தை வெறுக்கும் வறட்டு அறவுரை எனக் கொள்ளுதல் பொருந்தாது. தாய்யூவின் அன்பை ஆசிரியர் ஓரிடத்தும் எள்ளவில்லை. முன்புறமும் கண்ணாடியைச் சேர்ந்ததே. அதனொடு அமைந்துவிடுதலே கேடு.

தமிழில் இதற்கு நெருங்கிய துணை சீவக சிந்தாமணி. பதின்மூன்று இலம்பகங்கள், எட்டு மணங்கள், மணநூல் என்றே அதற்கு ஒரு பெயர். கருவுற்ற அரசி மயிற்பொறியில் ஏறிப் பறந்து சுடுகாட்டில் இறங்கி மகனைப் பெறுதலும், விஞ்சையர் மகள் யாழ்ப்போட்டியில் வெல்லப்படுதலும் மாயக் காதற்கதைக்கு ஏற்றனவே. ஆயின் இறுதி முத்தி இலம்பகம். அரசனாக வீற்றிருந்த சீவகன் பொழிலில் ஒரு காட்சி காண்கின்றான். ஆண் குரங்கு தன் துணைக்கு ஊட்டிய பலாப்பழத்தைக் காவலன் விரட்டிப் பறித்து உண்கின்றான். தான் வென்ற அரசும் இத்தகையதே எனச் சீவகன் துணிந்து துறக்கின்றான். மணங்களை மட்டும் கண்டோர் அந்நூலைச் சிற்றின்ப நூல் என்றனர். சேலம் இராமசாமி முதலியார் 1880இல் கும்பகோணத்தில் வினவும்வரை உ.வே. சாமிநாதையரும் அதனைப் பயின்றிலர். பின்னர்ச் சமணரை அணுகி அவர்தம் நெறியைக் கேட்டறிந்தே நூலின் பொருள் கண்டு, 1887இல் பதிப்பித்தார். வேறுபாடும் ஒன்றுண்டு. சீவகன் எல்லாம் பெற்றபின் துறக்கின்றான். பாவ்யூ விரும்பியது ஒன்றையும் பெறாது துறக்கின்றான். தேவர்க்குத் துறவு வெற்றி. சாவ் சுவேசினுக்கு அது வெற்றியா இழப்பா என்று துணிதல் எளிதன்று.

வெளிநாட்டார் இந்நூலை முதலில் அறிந்ததும் முன்புறக் காட்சியாகவே. 1929இல் வெளிவந்த வாங் சிச்சென்னின் ஆங்கிலச் சுருக்கம் மூவர் காதலையே முதன்மையாக நிறுத்தியது. டேவிட் ஹாக்ஸ் எண்பது அதிகாரங்களையும் ஜான் மின்ஃபோர்டு எஞ்சிய நாற்பதையும் ஐந்து தொகுதிகளாக மொழிபெயர்த்தது 1973 முதல் 1986 வரை. சீன அறிஞரும் பல வகையாகக் கண்டனர். வாங் குவோவேய் 1904இல் ஷோப்பன்ஹவரின் தத்துவங்கொண்டு இதனைத் துன்பியலாகக் காட்டினார். அந்த ஜெர்மானியரோ உபநிடதங்களைப் போற்றியவர் என்பது நமக்கு நினைவில் இருக்கத்தக்கது. சாய் யுவான்பேய் 1917இல் மஞ்சு ஆட்சியை மறைமுகமாகக் கடிந்த நூல் என்றார். ஹூ ஷி 1921இல் அதனை மறுத்து, ஆசிரியரின் குடிவரலாறே இது என நிறுவினார். மூவருள் ஹூ ஷியின் வழி சான்றுடையது. ஆயினும் வரலாற்றை மட்டும் தேடுவோர் கல்லையும் செடியையும் வீண் எனத் தள்ளிவிடுகின்றனர்.

தள்ளுதற்கு ஆகாது என்பதற்கு ஒரு சான்று கூறி அமைவேன். இறுதி நாற்பது அதிகாரங்கள் ஆசிரியர் எழுதியனவா என்பது நெடுநாளைய வழக்கு. சிதறிய ஏடுகளைத் தேடித் தெரு வணிகனிடமும் வாங்கித் தொகுத்ததாகச் செங் வேய்யுவான் முன்னுரையிற் கூறினார். பாவ்சாயை முக்காடிட்டு, தாய்யூ என நம்பவைத்துப் பாவ்யூவுக்கு மணமுடித்த அவ்வேளையில் தாய்யூ தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிர்விடுதல் இப்பகுதியில் உள்ளது. அதன் ஆற்றலை எவரும் மறுக்கார். ஆயின் சியாங்லிங் என்னும் பெண்ணின் முடிவைக் காண்க. இளமையில் களவாடி விற்கப்பெற்ற அவளுடைய ஏட்டில், இரண்டு மண்ணும் ஒற்றை மரமும் சேர்ந்தபின் அவள் உயிர் பிரியும் எனக் குறிப்புள்ளது. மரமும் இரண்டு மண்ணும் கூடிய சீன எழுத்து, அவளைக் கொடுமை செய்யும் மூத்தாள் சின்குவேயின் பெயரில் உள்ள எழுத்தாகும். அவள் கையால் இவள் சாவாள் என்பதே கனவின் கூற்று. நாம் இன்று படிக்கும் நூற்று மூன்றாம் அதிகாரத்திலோ, சின்குவே பிறர்க்கு வைத்த நஞ்சைத் தானே உண்டு மாய்கின்றாள். சியாங்லிங் பிழைத்து, மனைவி நிலைக்கு உயர்த்தப்பெறுகின்றாள். அறம் வென்றது என முன்புறத்தை நோக்குவோர் மகிழலாம். ஏட்டிலுள்ள ஓவியத்தில் நீர் வற்றிச் சேறும் உலர்ந்த குளத்தில் தாமரை பட்டுப்போய்க் கிடக்கின்றது. நூல் பயில்வோர் எண்பதாம் அதிகாரத்தை முடித்ததும், எண்பத்தொன்றைத் தொடங்குமுன், ஐந்தாம் அதிகாரத்தை ஒருமுறை மீண்டும் புரட்டிப் பார்த்தல் நன்று.